மழைக்கு அஞ்சாத மரம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பழைய பலசரக்குக் கடை ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கிழக்கேகோட்டை நெரிசலைக் கடந்து அந்தப் பக்கமாக வந்தேன். கடைவாசலில் ஓடைக்கு மேல் கிடந்த பலகைகளைப் பெயர்த்து வெளியே போட்டிருந்தார்கள். அங்கே கருங்கல் பதிக்கப் போகிறார்களாம். வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பையன், தூக்கிப் போக வசதியாக அவற்றை மின்வாளால் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். பாதி தூரம் போன வாள் முனகி நின்றது. கீறிய இடத்திலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. அந்தத் தீய்ந்த மர வாடை மூக்கில் ஏறியதும் என்னால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை.

“வாளே எறங்க மாட்டேங்குதே, இது என்ன மரம்?” என்றார் கடைக்காரர். “கம்பகம்” என்றேன். மேல்பக்கம் சாம்பல் பூத்து, சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்த பலகையின் அறுபட்ட முகம் மட்டும் செந்தவிட்டு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அரை நூற்றாண்டு மழையையும் வெயிலையும், ஓடைத் தண்ணீரையும், கைவண்டிச் சக்கரங்களையும் தாங்கிய மரம். உள்ளே ஒரு புழுத்துளைகூட இல்லை. அந்த வரிசைக் கடைகளுக்கெல்லாம் ஓடைப் பலகை போட்டவர் எங்கள் மூத்தாசாரிதான். அவர் அந்தப் பலகைகளைப் போட்ட நாட்களில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் நான்.

அப்பா சாலையில் ஒரு தடிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். 1956 நவம்பர் முதல் தேதி எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் திருவனந்தபுரம் எங்களுக்கு அன்னியமாகிவிடவில்லை. திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் உண்டாக்கிய அந்தக் கடைத்தெருவில் அரிசி, வெற்றிலை, பாத்திரம், ஜவுளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்ப் பேச்சு கேட்கும். அந்தத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, அதன் மனிதர்களைக் கதைகளாக எழுதினார் ஆ. மாதவன். அவர் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தடிக்கடை வாசல்தான் கண்ணில் தெரியும். வீடு பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுத் தடிக்கடைக்கு ஓடிவிடுவேன்.

குளத்துப்புழை, தென்மலை பக்கத்திலிருந்து லாரிகளில் தடி வரும். ஒவ்வொரு தடியின் முகப்பிலும் வனத்துறைச் சுத்தியல் அடித்த முத்திரை இருக்கும். அப்பா அதைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார். நீளத்தை ஒருவர் கூவ, சுற்றளவை இன்னொருவர் கூவ, கன அடிக் கணக்கு அவர் மனதிலேயே ஓடும். லாரிகள் பெருகுவதற்கு முந்திய தலைமுறை, பார்வதி புத்தனாறு வழியாக வள்ளக்கடவுக்குத் தண்ணீரில் தடி கொண்டுவந்த கதையை அவர் சொல்லுவார். உலர்ந்த தேக்கு மிதந்துவிடும். கம்பகத்தை அப்படி நம்பி ஆற்றில் விட முடியாது. மூங்கிலையோ கனமில்லாத தடிகளையோ இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டித்தான் இழுத்து வரவேண்டும். கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. நன்றாக உலர்ந்த தேக்கு அதே அளவுக்கு ஏறத்தாழ 18 கிலோ. கம்பகம் உலர்ந்த பிறகே 26 கிலோவை நெருங்கும். பச்சையாக இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

மூத்தாசாரி மெலிந்த மனிதர். காதில் பென்சில் செருகியிருப்பார். தடி இறங்கியதும் உளியின் பின்புறத்தால் முகப்பில் தட்டச் சொல்லி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். கணீரென்று வந்தால் தலையை ஆட்டுவார். மந்தமான சத்தம் வந்தால், “உள்ள பொள்ளல் கெடக்கு, பிள்ளைவாள். வெலையக் கொறச்சுக் கேளும்” என்பார். அப்பா மறுபேச்சில்லாமல் கணக்கில் அடையாளம் போட்டுவிடுவார். மூத்தாசாரி என்னையும் காதை வைத்துக் கேட்கச் சொல்வார். “மக்கா, கண்ணு ஏமாத்தும். காது ஏமாத்தாது, கேட்டியா?”

அவருக்குப் பிடிக்காத ஒன்று, பலகையில் வெள்ளை இருப்பது. பட்டைக்கு அடுத்து வெளுப்பாகத் தெரியும் அந்தப் பாகத்தில் மரத்தின் உயிர்ச்சாறு ஓடியிருக்கும், மாவுச்சத்து இருக்கும். செதலுக்கும் பூஞ்சைக்கும் அதுதான் சோறு. நடுவில் இருக்கும் வைரம் வேறு. அங்கே சாறு ஓட்டம் நின்று பல காலமாகியிருக்கும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாத எண்ணெய்களையும் துவர்ப்புச் சத்துகளையும் மரம் அங்கே சேர்த்து வைத்திருக்கும். நீர்க்குழாய்களை அதுவே அடைத்தும் விட்டிருக்கும். தண்ணீர் உள்ளே புக வழி கிடையாது. இந்த விவரமெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. மூத்தாசாரி சொன்னது ஒரே வரிதான்: “வெள்ளை இருந்தா எந்தத் தடியும் சவம்தான்.” தேக்காகவே இருந்தாலும் ஓரத்தில் ஒரு விரல்கடை வெள்ளை தெரிந்தால் மழை படும் வேலைக்கு அதைத் தொடமாட்டார். சீவித் தள்ளிவிட்டு மீதியைத்தான் எடுப்பார்.

பல்கலைக் கல்லூரியில் தமிழ் படிக்கச் சேர்ந்த பிறகு, தொல்காப்பிய மரபியல் பாடம் நடந்த வகுப்பில் எனக்கு மூத்தாசாரியின் நினைவு வந்தது. உட்புறம் உறுதியானவற்றை மரம் என்றும், வெளிப்புறம் உறுதியானவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது அந்த நூல். பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லின் பக்கம் போய்விடுகின்றன. இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று புல்லோடுதான் சேர்க்கிறது. கேரளத்துத் தச்சர்கள் போற்றும் மனுஷ்யாலய சந்திரிகை மரங்களை நான்காகப் பிரிக்கிறது: உள்ளே மட்டும் உறுதி உள்ளவை, வெளியே மட்டும் உறுதி உள்ளவை, முழுக்க உறுதி உள்ளவை, உறுதியே இல்லாதவை. மூத்தாசாரி இரண்டு நூலையும் படித்தவரில்லை. ஆனால் எங்கள் ஊர் வீட்டுக்குப் பனங்கை வாங்கப் போனபோது வெளிவைரம் எவ்வளவு தடிப்பு என்று முகப்பைத்தான் முதலில் பார்த்தார். உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் கைமரத்தை மேலே ஏற்றினார்.

ஓடைப் பலகை போடும் வேலை பெரும்பாலும் இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்னால் நடக்கும். அன்றைக்குச் சாலைத் தெருவின் இருபுறமும் ஓடைகள் திறந்தே கிடந்தன. கடைக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் பலகை மேல் ஏறித்தான் போகவேண்டும். சாக்குமூட்டையைத் தலையில் சுமந்து வருகிறவர் அந்தப் பலகையில் கால் ஊன்றி ஒரு நொடி நின்று மூச்சு வாங்குவார். இரண்டு ஆள் எடையை ஒரு பலகை தாங்க வேண்டும். கீழே எப்போதும் ஈரம், மேலே மாறி மாறி வெயிலும் மழையும். மரத்துக்கு இதைவிடக் கடுமையான இடம் வேறு கிடையாது. முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் மரம் காற்றுப் படாததால் நெடுநாள் இருக்கும். முழுக்க உலர்ந்த மரமும் இருக்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கிடப்பதுதான் மக்கிப்போகும்.

அதனால்தான் மூத்தாசாரி கம்பகத்தை எடுத்தார். கம்பகம் கிடைக்காவிட்டால் இருள் மரம், அதுவும் இல்லையென்றால் நாங்கு. எடுத்த மரத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிடவும் மாட்டார். ஓடையின் இரண்டு கரையிலும் கல்துண்டு வைத்து, அதன் மேல்தான் பலகை உட்காரும். மரம் மண்ணைத் தொடக்கூடாது. பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விரல் சந்து விடுவார். ஒருநாள் கடைக்காரர், “அரிசி சிந்தினா உள்ள போயிருமே, நெருக்கிப் போடும்” என்றார். மூத்தாசாரி வாளைக் கீழே வைத்துவிட்டார். “அரிசி போனா ரெண்டு மணி போகும். தண்ணி நின்னா பலகை போகும். மழையில விரியும், வெயில்ல சுருங்கும். அதுக்கு எடம் குடுக்காண்டாமா?” என்றார். சந்து விட்டுத்தான் போட்டார்.

ஆணி அடிக்கும் வேலையே கிடையாது. கம்பகத்தில் ஆணி வளைந்துவிடும், பலகை விண்டுவிடும். துறப்பணத்தால் முதலில் துளை போட வேண்டும். கயிற்றை ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க, மற்றவர் மேலே அழுத்திப் பிடிப்பார். பொடிப்பொடியாகச் சிவந்த தூள் கொட்டும். ஒரு துளை விழுவதற்குள் ஒரு வெற்றிலை போட்டு மென்று முடித்துவிடலாம். பிறகு பலகையின் இரண்டு வெட்டுமுகத்திலும் கொல்லத்திலிருந்து வரும் கருத்த முந்திரித்தோட்டு எண்ணெயைத் தடவுவார். தோலில் பட்டால் கொப்பளித்துவிடும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்வார். மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுகத்தின் வழியாகத்தான். காட்டில் வேரிலிருந்து உச்சிக்கு நீர் ஏறிய அதே குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. அந்த வாயை அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழவங்காடியில் மழை என்றால் அது வெறும் மழை அல்ல. தம்பானூர் பக்கத்திலிருந்தும் கோட்டைப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஒன்றுகூடி முழங்கால் அளவு நின்றுவிடும். ஆமையிழஞ்சான் தோடு என்கிற கால்வாய் நிறைந்தால் எங்கள் சந்தும் நிறையும். அப்படிப்பட்ட நாட்களில் ஓடை எது, தெரு எது என்று தெரியாது. பழகினவர்கள் காலால் தடவிப் பலகையைக் கண்டுபிடித்துக் கடைக்குள் ஏறுவார்கள். தண்ணீர் வடிந்த காலையில் கடைப்பையன்கள் துடைப்பத்தால் சேற்றைத் தள்ளுவார்கள். பத்து மணி வெயிலில் பலகைகள் காய்ந்துவிடும். அம்மை எங்கள் வீட்டு மாங்கட்டைப் பெட்டியை அதே வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் பூஞ்சை வாடை போகவில்லை.

ஒவ்வொரு கடைக்கும் அன்று நிரைப்பலகைகள்தான் கதவு. மேலும் கீழும் உள்ள காடிகளில் ஒவ்வொன்றாக நுழைத்து நகர்த்த வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணைப் பலகையிலேயே செதுக்கியிருப்பார்கள். வரிசை மாறினால் கடைசிப் பலகை நுழையாது. காலையில் சாலைத் தெரு விழிப்பது அந்தப் பலகைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையில்தான். பழவங்காடியில் தேங்காய் சிதறும் ஓசையும் அதோடு கலந்து வரும். நிரைப்பலகைக்குக் கம்பகம் தேவையில்லை. தினமும் கையால் தூக்க வேண்டிய பொருள் என்பதால் அயினியோ பலாவோ போதும் என்பார் மூத்தாசாரி. தாங்க வேண்டிய இடத்துக்குக் கனமான மரம், தூக்க வேண்டிய இடத்துக்குக் கனமில்லாத மரம். இன்று எல்லாக் கடையிலும் இரும்புச் சுருள் கதவு.

அப்பா என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்குள் கூட்டிப்போவார். பத்மநாபசுவாமி கோயில் தரிசனம் முடிந்ததும் சுவாதித் திருநாள் கட்டிய புத்தன்மாளிகையின் இறவாணத்தைக் காட்டுவார். கூரைக்குக் கீழே வரிசையாக மரக்குதிரைகள். மொத்தம் 122. அதனால்தான் ஊரார் அதைக் குதிரைமாளிகை என்கிறார்கள். “நூறு வருசத்துக்கு மேல ஆச்சு மக்கா. ஒரு குதிரை காது ஒடஞ்சிருக்கா பாரு. ஏன் தெரியுமா? மேல பாரு, கூரை எவ்வளவு தூரம் நீண்டு வந்திருக்கு.” மழை அந்தக் குதிரைகளைத் தொடுவதில்லை. வெயிலும் சாய்ந்துதான் விழும். தேக்கு அழகான மரம், செதுக்க இணங்கும் மரம். அதற்குக் கூரை கொடுத்துக் காத்தார்கள்.    பத்மநாபபுரம் அரண்மனையின் பலாமரத் தூணும், தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கிய பூமுகத்து மேல்தட்டும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. அங்கேயும் கூரை தாழ்ந்து வந்து மரத்தைப் பொத்தி வைத்திருக்கிறது.

கூரை கொடுக்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்பதைப் பார்க்க அப்பா என்னைப் புனலூர் கூட்டிப்போனார். தடி ஏலத்துக்குப் போகும்போது என்னையும் ஒட்டிக்கொண்டு போக அனுமதித்தார். கல்லடையாற்றின் மேல் ஒரு தூக்குப்பாலம். ஆல்பர்ட் ஹென்றி என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் 1877-ல் கட்டி முடித்தது. நீளம் 400 அடி. இரண்டு கரையிலும் கல்வளைவுகள், அவற்றின் மேலேறி இறங்கும் சங்கிலிகள், அந்தச் சங்கிலிகளிலிருந்து தொங்கும் மரத்தளம். தளம் முழுக்கக் கம்பகம்.

அந்தக் காலத்தில் இன்னும் வண்டிகள் அதன் மேல் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் கான்கிரீட் பாலம் எழுபதுகளின் தொடக்கத்தில்தான் வந்தது. ஒரு கார் ஏறியதும் பலகைகள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று பேசத் தொடங்கின. அந்த அதிர்வு என் உள்ளங்காலில் ஏறி முழங்காலுக்கு வந்தது. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். சந்து வழியாகக் கீழே பழுப்பு நிறத்தில் ஆறு ஓடியது. பாலம் தாங்குமா என்று ஊரார் பயந்தபோது, ஹென்றி ஆறு யானைகளை மேலே நடத்திவிட்டு, தன் குடும்பத்தோடு அடியில் படகில் கடந்தார் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. அப்பா அதைச் சொல்லிவிட்டு, குனிந்து பலகையைத் தட்டிக் காட்டினார். “இது வெயில்லயும் மழையிலயும் நடுஆத்துல கெடக்கு. கூரையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அடியில காத்து இருக்கு பாத்தியா? மேல விழுந்த தண்ணி சந்து வழியாப் போயிருது. அதான் சங்கதி.” பாலம் இப்போது கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழுதான தளத்தைப் புதுப்பித்தபோதும் கம்பகத்தையே தேடிப் போட்டார்கள்.

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரும் மீட்டர் பாதை 1976-ல் அகலப் பாதையானது. அதையொட்டிக் கழித்த சிலிப்பர் கட்டைகள் ஏலத்தில் வந்தன. ஆறடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலரை அங்குல கனம். ஒரு கட்டையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ரயில் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன, ஆணித்துளைகள் விழுந்த அந்தக் கட்டைகளை விறகுக்காரர்கள் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தாசாரி ஒவ்வொன்றாகத் தட்டி, ஓரத்தில் உளியால் ஒரு சிம்பு எடுத்து முகர்ந்து, கம்பகமும் இருளுமாகப் பிரித்து வைத்தார். அப்பா ஒரு வண்டி வாங்கி ஊருக்கு அனுப்பினார். எங்கள் தோப்புக் குளத்துப் படிகள் அவைதான். ரயிலைத் தாங்கியது ஒரு ஆயுள், எங்களைத் தாங்குவது இன்னொரு ஆயுள். குளித்துவிட்டு ஈரத்தோடு அவற்றின் மேல் உட்கார்ந்து கதை பேசிய சாயங்காலங்கள் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் உண்டு.

ஆச்சிக்கு மட்டும் தேக்கின் மேல் ஒரு பயம் இருந்தது. தோப்பில் தேக்குக் கன்று தானாக முளைத்திருந்தால் பிடுங்கிப் போட்டுவிடுவாள். “வளந்தா அது கொட்டாரத்துக்கு. நமக்கு நெழல் மட்டும்தான்” என்பாள். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரச மரங்கள். யார் நிலத்தில் நின்றாலும் அரசுக்கே சொந்தம். ராஜ்ஜியம் போய்ச் சட்டம் மாறிய பிறகும் அவள் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. மரத்தைக் காப்பதற்காக வந்த விதி, வீட்டுத் தோப்புகளில் மரம் வளராமல் செய்துவிட்டது என்று அப்பா வருத்தப்படுவார். வளர்த்தவனுக்கு உரிமை இருந்திருந்தால், ஒவ்வொரு தோப்பிலும் பேரனுக்காக நாலு மரம் நின்றிருக்கும் என்பது அவர் கருத்து.

தடிக்கடைக்கு வந்த தடிகள் மெல்ல மாறின. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கேரளம் எண்பதுகளில் நிறுத்திக்கொண்டது. 1986-ன் மரப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி வெட்டக் கூடாத மரங்களின் பட்டியலில் சந்தனம், தேக்கு, ஈட்டியோடு இருளையும் கம்பகத்தையும் சேர்த்தது. நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, நாடெங்கும் முறையற்ற வெட்டையும் உரிமமற்ற மரமில்களையும் முடக்கியது. பிறகு மலேசிய இருளும் பர்மாத் தடியும் கப்பலில் வந்தன. 2014-ல் மியான்மர் உருட்டுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அப்பா அந்த மாற்றங்களில் பாதியைத்தான் பார்த்தார். வியாபாரம் குறைந்தது பற்றி அவர் குறைபட்டதில்லை. “செங்கோட்டைப் பாதையில ரெண்டு பக்கமும் நின்ன மரத்தை நான் பாத்திருக்கேன். இவ்வளவு நாள் விட்டதே அதிகம்” என்றார்.

இப்போது என் தம்பி மகன் திருவனந்தபுரத்தில் வீடு கட்டுகிறான். மொட்டைமாடியில் மரத்தளம் போட வேண்டும் என்பது அவன் ஆசை. கட்டடக்கலைஞர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். அதில் முதலில் நின்றது பிரேசில் நாட்டு ஈப்பே. உலகத்தில் வெளித்தளத்துக்கு அதற்கு நிகரான மரங்கள் குறைவு என்பது உண்மைதான். மரத்தின் கடினத்தை அளக்க, 11.28 மில்லிமீட்டர் எஃகு உருண்டையைப் பாதியளவு அதற்குள் அமுக்கிப் பார்க்கிறார்கள். தேக்குக்கு ஏறத்தாழ 500 கிலோ எடை போதும். ஈப்பேக்கு 1,500 கிலோவுக்கும் மேல் வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். நியூயார்க்கில் கோனி தீவின் கடற்கரை நடைபாதையில் பல காலம் அந்த மரத்தைத்தான் போட்டார்கள். ஆனால் அமேசான் காட்டில் அது கூட்டமாக வளர்வதில்லை. பல ஏக்கருக்கு ஒன்று என்று தனித்தனியாக நிற்கும். அந்த ஒன்றை எடுக்கக் காட்டுக்குள் பாதை போட வேண்டும். பாதை போனால் பின்னாலேயே மற்றவையும் போகும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2024 நவம்பர் முதல் ஈப்பேயையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டது.

நான் அவனைக் கோட்டைக்குள் அழைத்துப்போனேன். அங்கே ஒரு பழைய அக்கிரகார வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். உத்தரங்களும் கதவுக் கட்டளைகளும் முற்றத்தில் குவிந்து கிடந்தன. கூட வந்தவர் மூத்தாசாரியின் பேரன். மடிக்கணினியில் வீட்டுக்கு வரைபடம் போடுகிற பிள்ளை. குவியலைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து சிறிய சுத்தியலை எடுத்துத் தட்டத் தொடங்கினார். பாட்டா சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டேன். “வேற யாரு மாமா, சின்னதுலயே காதைப் பிடிச்சுத் தடியில வச்சு அழுத்துவாரு” என்றார். தேக்கும் அயினியும் ஒரு பக்கம் போயின. வாசல் பக்கத்து மழைச்சாரலில் நின்ற தூண்களில் மூன்று நான்கு கம்பகம் தேறின. இன்னும் சிலவற்றை நாகர்கோவில் பக்கத்துப் பழைய தடிக்கடைகளில் தேடிப் பிடித்தோம்.

பழைய மரத்தை அறுக்க மில்காரர்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. உள்ளே ஆணி இருந்தால் வாள் பல் போய்விடும். பேரன் காந்தக்கருவியை வைத்து ஒவ்வொரு ஆணியையும் தேடிப் பிடுங்கினார். பலகையானதும் மாடியில் கான்கிரீட்டின் சரிவு எந்தப் பக்கம் என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சட்டங்களைச் சரிவின் போக்கிலேயே வைத்தார். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஒரு சிறு அணையாகித் தண்ணீரைத் தேக்கிவிடும். பலகைகளுக்கு இடையே சந்து, திருகுக்கு முன்னால் துளை, வெட்டுமுகத்தில் மெழுகுப் பூச்சு. இரும்புத் திருகு துருவேறி மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கருங்கறை பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகு. முந்திரித்தோட்டு எண்ணெயின் இடத்தில் மெழுகும், துறப்பணத்தின் இடத்தில் மின்துளைப்பானும் வந்திருக்கின்றன. சாலை ஓடைப் பலகையின் முறை அப்படியே இருக்கிறது. ஆறு மாதத்தில் செம்மை போய்ச் சாம்பல் நிறம் வந்துவிடும் என்று தம்பி மகனுக்கு முன்பே சொல்லிவிட்டேன். வெயில் மேல்தோலை மட்டும்தான் வெளுக்கச் செய்யும். வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. நிறம் வேண்டுமென்றால் வருடம் ஒருமுறை எண்ணெய் பூசலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

பெங்களூரு மர ஆராய்ச்சி நிலையத்தார் ஒவ்வொரு மரத்திலிருந்தும் முளைகள் செய்து பாதி மண்ணுக்குள் புதைத்து, செதலும் பூஞ்சையும் எத்தனை மாதத்தில் தின்று முடிக்கின்றன என்று பார்ப்பார்கள். 120 மாதத்துக்கு மேல் நின்றால் முதல் வகுப்பு. தேக்கும் கம்பகமும் இருளும் அந்த வகுப்பு. மண்ணுக்குள் புதைத்தாலே பத்து வருடம் தாங்குகிற மரத்தை, மண் தொடாமல், தண்ணீர் தேங்காமல் வைத்தால் அது எத்தனை தலைமுறைக்கு வரும் என்பதற்குப் புனலூர்ப் பாலமும் எங்கள் குளத்துப் படியும் சாட்சி. கடினமான மரம் பாதி ஆயுளைக் காட்டிலிருந்து கொண்டுவருகிறது. மீதியை அதை வைக்கிறவர் கொடுக்க வேண்டும். ஒரு கம்பகம் பாலத்துக்குத் தகுதியாக நூறு வருடமாவது காட்டில் நிற்க வேண்டும். அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர், குறைந்தது அத்தனை வருடமாவது அது உழைக்கும்படி வைத்தால்தான் அந்த மரத்துக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தியதாகும்.

திருவனந்தபுரத்திலும் நாஞ்சில் நாட்டிலும் வாரத்துக்கு ஒரு பழைய வீடு இடிபடுகிறது. இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன், மரம் தெரிந்த ஒருவரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விறகு விலைக்குப் போகும் குவியலில் மழைக்கு அஞ்சாத மரம் நாலாவது இருக்கும். தோப்பும் ஓடைக்கரையும் உள்ளவர்கள் கம்பகம் நடலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம், நம் மண்ணும் ஈரமும் அதற்குப் பழக்கம். ஒரு எச்சரிக்கை: அதன் விதையைத் தேக்கு விதையைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது. இடவப்பாதி தொடங்கும்போது விழும் விதை சில நாட்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். பொறுக்கிய கையோடு மண்ணில் போட வேண்டும். முதல் சில வருடம் நிழல் வேண்டும், அதற்கு வாழையடி போதும். எங்கள் குளக்கரையில் வாழைக்கு நடுவே வைத்த கன்றுகள் இப்போது என் உயரத்தைத் தாண்டிவிட்டன. வருகிற இடவப்பாதிக்கு விதை வேண்டுமென்கிறவர்களுக்குக் குளத்துப்புழைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்க மூத்தாசாரியின் பேரன் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.